பேரிக்காய்த் தோட்டமும் பழுப்புச் சீருடையும்

நம் சபைகளில் வாலிபர் கூடுகை என்றால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பது வருகிற எல்லாருக்கும் முன்பே தெரியும். கெட்ட சகவாசம் வேண்டாம், குடி வேண்டாம், கைபேசியில் கண்டதையும் பார்க்க வேண்டாம், விடுதி நண்பர்கள் கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டாம். பாபிலோனில் ராஜாவின் போஜனத்தைத் தொடாமல் இருந்த தானியேலின் கதை சொல்லப்படும். பிள்ளைகள் தலையாட்டுவார்கள்.

இந்த அறிவுரையில் பிழை இல்லை. ஆனால் இது பாதி அறிவுரை. கூட்டாளிகளின் அழுத்தத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று ஒழுக்கத்தை மீறச் சொல்லி இழுக்கும். மற்றொன்று ஒழுக்கத்தின் உடையிலேயே வந்து நிற்கும். முதல் முகத்தைப் பார்த்தால் ஒதுங்கச் சொல்லிக்கொடுக்கும் நாம், இரண்டாவதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவதே இல்லை. இரண்டில் அதிக ஆபத்தானது அதுதான் என்பது என் துணிபு.

இதை இரண்டு இளையோரின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் வளர்ந்த அகுஸ்தீன். மற்றவர் இருபதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் சோஃபி ஷோல். இடையே பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் இந்த இணைப்பு என் கற்பனை இல்லை. சோஃபி தன் 20-ஆம் வயதை ஒட்டிய மாதங்களில், சுற்றியிருந்த கூட்டத்துக்கு நடுவே தன்னைக் காத்துக்கொள்ளத் தேடிப் படித்தவர்களில் ஒருவர் அகுஸ்தீன்.

இரண்டு வீடுகள்

அகுஸ்தீன் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று தாகஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். தாய் மோனிக்கா உறுதியான கிறிஸ்தவர். தந்தை பத்ரீக்கியுஸ் வாழ்வின் இறுதிக்கட்டத்தில்தான் விசுவாசத்துக்குள் வந்தார். மகன் நன்றாகப் படித்து, நாவன்மை பெற்று, பெரிய பதவிக்குப் போக வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே எண்ணம். குழந்தையிலேயே கிறிஸ்துவின் பெயரைக் கேட்டு வளர்ந்தாலும் அகுஸ்தீனுக்கு அப்போது ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. இளமையின் பாவங்கள் கழிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அக்கால வழக்கம்.

சோஃபி 1921 மே 9 அன்று ஃபோர்ஷ்டென்பெர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தந்தை ராபர்ட் ஷோல் அவ்வூரின் மேயர். தாய் மக்தலேனா திருமணத்துக்கு முன் லுத்தரன் சபையின் ஊழியச் சகோதரியாக, நோயாளிகளைப் பராமரிக்கும் பணியில் இருந்தவர். 1932-இல் குடும்பம் உல்ம் நகரில் குடியேறியது. தாயின் ஜெபமும் தந்தையின் சுதந்திரமான அரசியல் சிந்தனையும் அந்த வீட்டின் இரண்டு தூண்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த நாளிலிருந்தே தந்தை அவரை நம்பவில்லை.

ஆக, இருவரும் ஜெபிக்கும் தாயின் பிள்ளைகள். இருவருக்கும் வீட்டில் நல்லது சொல்லப்பட்டது. இருவருமே வீட்டின் சொல்லைவிடத் தங்கள் வயதுக்காரர்களின் சொல்லுக்கு அதிகம் செவிகொடுத்தார்கள். நல்ல வளர்ப்பு மட்டும் பிள்ளைகளைக் காத்துவிடும் என்று நம்பும் பெற்றோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இரவில் இழுக்கும் கூட்டம்

அகுஸ்தீனுக்கு 16 வயதானபோது மேற்படிப்புக்குப் பணம் சேரவில்லை. மதௌராவில் படித்துக்கொண்டிருந்தவர் ஊருக்குத் திரும்பி ஓராண்டு சும்மா இருந்தார். ஓரிரவு நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கி, சுமை சுமையாகக் காய்களை வாரிக்கொண்டு போனார். அவருடைய வீட்டில் அதைவிட நல்ல பேரிக்காய் இருந்தது. பசியும் இல்லை. சிலவற்றைக் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்குக் கொட்டினார்கள்.

பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் செய்திருக்கும் குறும்பு இது. 40 வயதைக் கடந்து ஹிப்போவின் ஆயராக இருந்தபோது எழுதிய 'அறிக்கைகள்' நூலில், பெரிய பாவங்களை விட்டுவிட்டு இதை ஏன் பக்கம் பக்கமாக ஆராய்ந்தார்? காயின் சுவைக்காகத் திருடவில்லை, வறுமைக்காகத் திருடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, இறுதியில் ஒரு விடையில் நிற்கிறார்: தனியாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன். கூட இருந்தவர்களின் சிரிப்புதான் அந்தக் காயின் ருசி.

அதே நூலில் அவர் ஒப்புக்கொள்ளும் இன்னொன்று இதைவிட நுட்பமானது. நண்பர்கள் தங்கள் லீலைகளைப் பெருமையாகச் சொல்லும்போது, தான் செய்யாத பாவங்களையும் செய்ததாகக் கதை கட்டிச் சொன்னார். தூய்மையாக இருப்பது தெரிந்துவிட்டால் மதிப்புப் போய்விடும் என்ற பயம். நல்லவனாக இருப்பதற்கு வெட்கப்படும் நிலைக்கு ஒருவனைக் கொண்டுவந்துவிட்டால், அதன் பிறகு கூட்டம் அவனைக் கட்டாயப்படுத்த வேண்டியதே இல்லை.

அடுத்த ஆண்டு, ரோமானியானுஸ் என்ற செல்வரின் உதவியோடு கார்த்தேஜ் சென்றார். அங்கே புதிதாக வரும் மாணவர்களை மிரட்டிக் கேலிசெய்து மகிழும் ஒரு கும்பல் இருந்தது. தங்களைக் கவிழ்ப்பவர்கள் என்று அவர்களே பெருமையாக அழைத்துக்கொண்டார்கள். அகுஸ்தீன் அவர்களோடு சுற்றினார். அவர்கள் செய்த கொடுமைகளில் சேரவில்லை. ஆனால் சேராததற்காக உள்ளுக்குள் கூசினார். இன்றைய விடுதிகளில் ராகிங் நடக்கும்போது கையையும் ஓங்காமல் வாயையும் திறக்காமல் ஓரமாக நிற்கும் மாணவனின் படம் இதைவிடத் தெளிவாக எங்கும் வரையப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பகலில் அணிவகுக்கும் கூட்டம்

சோஃபியின் கதையில் இருட்டு இல்லை, திருட்டு இல்லை. பட்டப்பகல், பாட்டு, கொடி, மலையேற்றம், கூடாரம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை. 1933-இல் அண்ணன் ஹான்ஸும் அக்கா இங்கேயும் ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் சேர்ந்தார்கள். 1934-இல், 12 வயதில், சோஃபியும் சிறுமியர் பிரிவில் சேர்ந்தார். தந்தை தடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் கேட்கவில்லை. சோஃபி உற்சாகமாக உழைத்து அணித்தலைவியாக உயர்ந்தார். 1937-இல் சபையில் திடப்படுத்தல் பெற்றபோது பழுப்புச் சீருடையிலேயே வந்து நின்றார்.

அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பதினைந்து வயதுப் பெண், கிறிஸ்துவுக்கு உரியவளாக இருப்பேன் என்று பீடத்தின் முன் சொல்கிறாள். உடலில் இருப்பது ஹிட்லரின் உடை. அவளுக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. திருச்சபையும் அதைத் தெளிவாகக் காட்டவில்லை. 1933 ஜூலையில் நடந்த சபைத் தேர்தலில், நாசிகளை ஆதரித்த 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' அணி பெரும் வெற்றி பெற்றிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், சபைக்குச் சொந்தமாக இருந்த புராட்டஸ்டண்ட் இளைஞர் அமைப்புகளைப் பேராயர் லூட்விக் முல்லர் ஹிட்லர் இளைஞர் அமைப்போடு இணைக்க ஒப்பந்தம் செய்தார். பிள்ளைகளைக் கூட்டத்திடமிருந்து காக்க வேண்டிய கைகளே அவர்களைக் கூட்டத்திடம் ஒப்படைத்தன.

சிறுமி சோஃபிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அவருடைய யூதத் தோழிக்கு அந்த அமைப்பில் இடமில்லை. கருத்த முடியுடைய எனக்கு இடமுண்டு, பொன்னிற முடியுடைய அவளுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். பதில் வரவில்லை. இன்னொரு முறை அணிக்கூட்டத்தில் என்ன படிக்கலாம் என்று கேட்டபோது, யூதக் கவிஞர் ஹைனேயின் பெயரைச் சொன்னார். கூட்டம் முகம் சுளித்தது. இவை சிறிய கேள்விகள். ஆனால் பேரிக்காய்த் தோட்டத்தில் அகுஸ்தீன் கேட்காமல் விட்ட வகைக் கேள்விகள்.

1937-இன் இறுதியில், தடைசெய்யப்பட்ட பழைய இளைஞர் குழுப் பழக்கங்களைத் தொடர்ந்ததாகக் கூறி, ஹிட்லர் அரசின் இரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போ ஷோல் வீட்டுப் பிள்ளைகளைக் கைது செய்தது. சோஃபியை அன்றே விட்டுவிட்டார்கள். அண்ணன் ஹான்ஸும் அந்த வழக்கில் சிறை கண்டார். தாங்கள் கட்டிப்போற்றிய தோழமை எதன் மேல் நின்றது என்பது அந்தப் பிள்ளைகளுக்குப் புரியத் தொடங்கியது.

இரண்டு அழுத்தங்களின் குணம்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு துலங்கும்.

தோட்டத்துக் கூட்டத்துக்குத் தான் செய்வது தவறு என்று தெரியும். தவறாக இருப்பதே அதன் கவர்ச்சி. அதனால்தான் அது இரவில் போகிறது. அதில் சிக்கிய பிள்ளையின் மனசாட்சி செத்துப்போவதில்லை, உறுத்திக்கொண்டே இருக்கிறது. அகுஸ்தீனின் பல ஆண்டுத் தவிப்பே அதற்குச் சாட்சி. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது மனவுறுதி.

சீருடைக் கூட்டம் தன்னை நன்மையென்று நம்புகிறது. தேசம், தியாகம், ஒழுங்கு, தோழமை, உடற்பயிற்சி என்று நல்ல சொற்கள் எல்லாம் அதனிடம் இருக்கின்றன. குடியும் கூத்தும் இல்லை. பெற்றோர் பெருமைப்படுகிறார்கள், ஆசிரியர் பாராட்டுகிறார். மனசாட்சி உறுத்தாது, தூங்கிவிடும். இங்கே மனவுறுதி உதவாது, ஏனென்றால் மனவுறுதியையே அந்தக் கூட்டம் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. இங்கே வேண்டியது பகுத்தறியும் கண். கட்டுப்பாடான பிள்ளை, சொன்னதைச் செய்யும் பிள்ளை, தலைமைப் பண்புள்ள பிள்ளைதான் இதில் முதலில் விழும். சோஃபி அப்படித்தான் விழுந்தார்.

இரண்டுக்கும் பொதுவான கருவி ஒன்று உண்டு. வெட்கம். தோட்டத்துக் கூட்டம் தூய்மைக்காக வெட்கப்பட வைத்தது. சீருடைக் கூட்டம் இரக்கத்துக்காக வெட்கப்பட வைத்தது. யூதத் தோழிக்காகப் பரிந்து பேசுவது பலவீனம் என்று அது கற்றுக்கொடுத்தது. எதற்காக நம்மை வெட்கப்பட வைக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், எந்தக் கூட்டம் நம்மைப் பிடித்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

தனியாகத் திரும்பவில்லை

கூட்டத்திலிருந்து விலகி, தனிமனிதனாக நிமிர்ந்து நிற்பதே விசுவாச வீரம் என்ற எண்ணம் நம் மேடைப் பேச்சுகளில் பலமாக இருக்கிறது. இவ்விருவரின் வாழ்க்கையும் அதை ஒப்பவில்லை.

தனி மனவுறுதியின் கதி என்ன என்பதை அகுஸ்தீனின் நெருங்கிய நண்பர் அலிப்பியுஸின் அனுபவம் சொல்கிறது. ரோமில் சட்டம் படிக்கப் போன அலிப்பியுஸுக்கு வாள்வீரர்கள் வெட்டிச் சாகும் விளையாட்டின் மேல் வெறுப்பு. சக மாணவர்கள் அவரை விளையாட்டாக இழுத்துக்கொண்டு அரங்குக்குப் போனார்கள். உடலைத்தான் இழுக்க முடியும், கண்ணையும் மனத்தையும் இழுக்க முடியாது என்று சவால் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவன் விழுந்ததும் அரங்கமே அலறியது. கண்ணைத் திறந்தார். அதன் பிறகு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போகிற அளவுக்கு வெறியரானார். அவர் மூட மறந்தது காதை என்கிறார் அகுஸ்தீன். அதைவிட முக்கியமானது, அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்து போய்விடலாம் வா என்று சொல்ல ஒருவரும் இல்லை என்பது.

அகுஸ்தீனை உலுக்கியவர்கள் நண்பர்கள்தான். தாகஸ்தேயில் அவருக்கு உயிருக்கு உயிரான தோழர் ஒருவர் இருந்தார். பெயர் நூலில் இல்லை. அவரைக் கிறிஸ்தவத்திலிருந்து, தான் அப்போது பின்பற்றிய மனிக்கேயம் என்ற சமயக் கொள்கைக்கு இழுத்தவரே அகுஸ்தீன். கடும் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த அந்தத் தோழருக்கு உறவினர் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அவர் கண் விழித்ததும், தன்னோடு சேர்ந்து சிரிப்பார் என்று எண்ணி அகுஸ்தீன் அந்த ஞானஸ்நானத்தைக் கேலி செய்தார். நண்பர் எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் நண்பனாக இருக்க விரும்பினால் இப்படிப் பேசாதே என்று தெளிவாகச் சொன்னார். சில நாட்களில் காய்ச்சல் திரும்பி இறந்துபோனார். அந்த நோயாளி சொன்ன ஒரு மறுப்பு, கூட்டத்தின் சிரிப்பை முதன்முதலாக நிறுத்தியது. அகுஸ்தீன் உடனே மாறிவிடவில்லை. ஆனால் ஒரு நண்பன் இன்னொரு நண்பனிடம் இல்லை என்று சொல்ல முடியும், சொல்லியும் நண்பனாகவே இருக்க முடியும் என்பதை அன்று பார்த்தார்.

பின்பு அவர் பேராசிரியராக இருந்த மிலானில் நடந்ததும் இப்படியே. 386 ஆகஸ்டில் போந்திக்கியானுஸ் என்ற அரசுப் பணியாளர் வீட்டுக்கு வந்து, பாலைவனத் துறவி அந்தோனியாரின் வரலாற்றைப் படித்து அரசுப் பணியைத் துறந்த இருவரின் கதையைச் சொன்னார். அவர் போனபின் தோட்டத்தில் அகுஸ்தீன் அழுது தவித்தபோது அலிப்பியுஸ் கூடவே இருந்தார். ஒருவர் முடிவெடுத்ததும் மற்றவரும் அதே முடிவை எடுத்தார். 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், அகுஸ்தீனும் அவர் மகன் அதெயோதாத்துஸும் அலிப்பியுஸும் ஒன்றாக ஆயர் அம்புரோஸிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரு தோட்டத்தில் நண்பர்களோடு விழுந்தவர், இன்னொரு தோட்டத்தில் நண்பரோடு எழுந்தார்.

சோஃபியை மாற்றியதும் தோழமைதான். தம்பியின் பள்ளித்தோழரான ஓட்ல் ஐஷர் ஒரு கத்தோலிக்க இளைஞர். ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர மறுத்ததால் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் உரிமையை இழந்தவர். அவர் வழியாகவே பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர்களின் நூல்கள் ஷோல் வீட்டுக்குள் வந்தன. 1941-இல் சோஃபி கட்டாயத் தொழிற்சேவைக்காக க்ரௌக்கன்வீஸ் முகாமில் இருந்தார். சீருடை, கொடி வணக்கம், ஒரே அறையில் பல பெண்கள். இரவில் மற்றவர்கள் வேடிக்கைப் பேச்சில் இருக்கும்போது அவர் அகுஸ்தீனைப் படித்தார். உடனிருந்த கூட்டத்தில் கிடைக்காத துணையை, பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் இதே அழுத்தத்தில் தவித்த ஒருவரிடம் கண்டார்.

1942 மே மாதம் உயிரியலும் தத்துவமும் படிக்க மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, ஹான்ஸின் நண்பர் வட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்த வட்டம் ஒரே சபையைச் சேர்ந்தது அல்ல. ஷோல் வீட்டார் லுத்தரன். அலெக்சாண்டர் ஷ்மோரெல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ். வில்லி கிராஃப் கத்தோலிக்கர். கிராஃப் பள்ளிப் பருவத்திலேயே, ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்ந்துவிட்ட நண்பர்களின் பெயர்களைத் தன் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிட்டவர். கார்ல் மூட், தியோடோர் ஹெக்கர் ஆகிய மூத்த கத்தோலிக்க எழுத்தாளர்களின் உரையாடல் இவர்களுக்கு உரமிட்டது. கார்டினல் நியூமனின் மறையுரைகள் கைமாறின. கிழக்குப் போர்முனைக்குப் புறப்பட்ட தன் காதலர் ஃப்ரிட்ஸ் ஹார்ட்நாகலுக்கு சோஃபி கொடுத்தனுப்பியவையும் அவையே.

தீய அழுத்தத்துக்கு மாற்று தனிமை இல்லை. அதைவிட உண்மையான தோழமைதான். இதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

ஜெபத்தின் இரு நிறங்கள்

இருவரின் ஜெபமும் ஒரே மாதிரியானது அன்று. அகுஸ்தீனின் நூல் முழுக்க ஜெபம். கரை சேர்ந்தபின் திரும்பிப் பார்த்துப் பேசும் ஜெபம். கடந்துவந்த ஒவ்வொரு வளைவிலும் கடவுளின் கை இருந்தது அவருக்கு இப்போது தெரிகிறது.

சோஃபிக்குத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போனவை கடிதங்களும் நாட்குறிப்பும் மட்டுமே. அவற்றில் தெரிவது வறண்ட ஜெபம். ஜெபிக்கும்போதுகூடக் கடவுளை உணர முடியவில்லை, அவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று 1942 கோடையில் எழுதினார். உணர்வு வராவிட்டாலும் கிறிஸ்துவைப் பிடித்த பிடியை விடப்போவதில்லை என்றும் எழுதினார்.

இன்றைய இளையோருக்கு இந்த இரண்டாவது சாட்சி மிகவும் தேவை. பாடல் ஆராதனையில் கண்ணீர் வந்தால் விசுவாசம் இருக்கிறது, வராவிட்டால் போய்விட்டது என்று அவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உணர்ச்சியும் ஒருவகையில் கூட்டத்தின் அழுத்தமே. எல்லாரும் கை உயர்த்தும்போது நான் மட்டும் எப்படி உயர்த்தாமல் இருப்பது? உணர்வு வற்றிய நாட்களில்தான் சோஃபி தன் வாழ்வின் துணிவான செயலைச் செய்தார்.

வெளியே சொல்லும் நாள்

உள்ளத்தில் நம்பினால் போதாதா என்ற கேள்வி இருவரையும் எதிர்கொண்டது. அகுஸ்தீனுக்கு அதை விக்தோரினுஸின் கதை விளக்கியது. ரோமின் புகழ்பெற்ற பேராசிரியரான விக்தோரினுஸ், நான் ஏற்கெனவே கிறிஸ்தவன்தான் என்று நண்பர் சிம்ப்ளிக்கியானுஸிடம் தனியாகச் சொல்வார். உன்னைக் கோயிலுக்குள் பார்க்கும்வரை நம்பமாட்டேன் என்பார் நண்பர். சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்கும் என்று அவர் சிரிப்பார். உண்மையில் அவர் பயந்தது, சிலைகளை வணங்கிய தன் மேல்தட்டு நண்பர்களை. அந்தப் பயத்தைக் கண்டு தானே வெட்கப்பட்ட நாளில், கோயிலுக்குப் போகலாம் வா என்றார். மறைவாக அறிக்கை செய்யலாம் என்று குருக்கள் சலுகை கொடுத்தும் மறுத்து, சபை முழுதும் பார்க்க மேடையேறினார்.

ஆனால் அகுஸ்தீன் தன் பேராசிரியர் பதவியை விட்டபோது ஆரவாரம் செய்யவில்லை. திராட்சை அறுவடை விடுமுறைக்கு இருந்த சில நாட்கள்வரை பொறுத்து, அதன்பின் நண்பர்களோடு கஸ்ஸிக்கியாக்கும் என்ற கிராமத்து வீட்டுக்கு ஒதுங்கினார். அவர் இழந்தது பதவியும், பேசி முடித்திருந்த செல்வாக்கான திருமணமும்.

சோஃபிக்கு ஒதுங்க இடமில்லை. 1942 கோடையில் ஹான்ஸும் ஷ்மோரெலும் 'வெள்ளை ரோஜா' என்ற பெயரில் நான்கு துண்டறிக்கைகளை எழுதினார்கள். போலந்தில் 3,00,000 யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாவது அறிக்கை வெளியே சொன்னது. 1943 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வந்த ஐந்தாம், ஆறாம் அறிக்கைகளின் வேலையில் சோஃபி முழுமையாக இருந்தார். காகிதமும் தபால்தலையும் சந்தேகம் வராமல் பல இடங்களில் வாங்குவது, உறையிடுவது, வேறு ஊர்களுக்கு ரயிலில் கொண்டுபோவது எல்லாம் அதில் அடங்கும். பிப்ரவரி 18 அன்று பல்கலைக்கழகக் கட்டடத்தில் அறிக்கைகளை வைத்தபோது, அங்கே பணியாற்றிய ஊழியர் அண்ணனையும் தங்கையையும் பிடித்துக் கொடுத்தார். பிப்ரவரி 22 காலையில் நீதிபதி ரோலாண்ட் ஃப்ரைஸ்லர் முன் விசாரணை. அன்று மாலையே ஹான்ஸ், சோஃபி, மூன்று குழந்தைகளின் தந்தையான கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட் ஆகியோரின் தலை வெட்டப்பட்டது. விசாரணையில், தான் செய்தது தன் மக்களுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்தது என்பதில் சோஃபி உறுதியாக இருந்தார். கடைசிச் சந்திப்பில் தாய் இயேசுவை நினைவில் வைத்திரு என்றபோது, நீங்களும் என்று பதில் சொன்னார். வயது 21.

அன்று மாலை அதே பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கூடினார்கள். அண்ணனையும் தங்கையையும் பிடித்துக் கொடுத்த ஊழியருக்குக் கைதட்டி, காலால் தரையை உதைத்து ஆரவாரித்தார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். பலர் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அவர்களுள் எத்தனை பேர் மனமாரக் கைதட்டினார்கள், எத்தனை பேர் பக்கத்திலிருப்பவன் தட்டுகிறானே என்று தட்டினார்கள் என்பதைக் கடவுளே அறிவார்.

ஒப்பீடு நிற்கும் இடம்

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பேரிக்காய்த் தோட்டத்தின் அழுத்தத்தை அகுஸ்தீனைப்போல் ஆராய்ந்தவர் இல்லை. அதே அகுஸ்தீன் ஆயரான பின், பிரிந்துபோன தொனாத்திஸ்து கிறிஸ்தவர்களைச் சபைக்குத் திருப்ப அரசின் வற்புறுத்தலை ஏற்றுக்கொண்டார். தொடக்கத்தில் அதை எதிர்த்தவர், 408-ஐ ஒட்டி எழுதிய கடிதத்தில் தன் மனமாற்றத்தை விளக்கினார். சட்டத்தின் அச்சம் தன் சொந்த ஊரையே ஒற்றுமைக்குக் கொண்டுவந்தது என்பது அவர் காட்டிய சான்று. நண்பர்களின் சிரிப்பு ஒருவனைத் தவறுக்குத் தள்ளும் என்று கண்டவர், பேரரசின் சட்டம் ஒருவனை நன்மைக்குத் தள்ளலாம் என்று நம்பினார். பகலில், ஒழுங்கின் பெயரால், நல்ல நோக்கத்தோடு வரும் அழுத்தம் அவருக்கு ஆபத்தாகத் தெரியவில்லை.

இதனால் அவருடைய பெருமை அழிந்துவிடாது. ஆனால் முதல் முகத்தை வென்றவர்கூட இரண்டாவது முகத்தை அடையாளம் காணத் தவறலாம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. இந்த ஓரிடத்தில், அகுஸ்தீனைப் படித்த மாணவி அகுஸ்தீனைத் தாண்டிப் போனார்.

நம் பிள்ளைகளுக்கு

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தோட்டத்துக் கூட்டத்தைப் பற்றிய எச்சரிக்கைக்குக் குறைவில்லை. சீருடைக் கூட்டம் நம்மிடையே எந்த உடையில் வருகிறது? சாதியாக வருகிறது. குடிக்காத, ஞாயிறு ஆராதனை தவறாத, வேத வசனம் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, திருமண விளம்பரத்தில் சபையின் பெயரோடு சாதியின் பெயரும் இருப்பதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்கும் இளைஞனைத்தான் பெரியவர்கள் அடங்காதவன் என்கிறார்கள். வெற்றியின் வேடத்திலும் அது வரும்: மதிப்பெண், வேலை, வெளிநாடு, வீடு என்று எல்லாரும் ஓடும் வரிசையில் ஓடுவதே சாட்சியாகப் பேசப்படும். வாட்ஸ்அப் குழுவில் பிற சமயத்தாரையோ சாதியாரையோ பழிக்கும் செய்தி வரும்போது, மறுத்து எழுதினால் குழுவில் தனியாகிவிடுவோம் என்று பேசாமல் இருக்கும் விசுவாசியிடமும் அதே அழுத்தம் வேலை செய்கிறது.

வாலிபர் கூடுகைகளில் இனி இரண்டு கேள்விகளையாவது சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒன்று அகுஸ்தீனின் வாழ்க்கை தருவது: நான் சேர்ந்திருக்கும் கூட்டம் எதற்காக என்னை வெட்கப்பட வைக்கிறது? மற்றது சிறுமி சோஃபி கேட்டது: இந்தக் கூட்டத்தில் யாருக்கு இடமில்லை, ஏன்? முதல் கேள்வி நம் தூய்மையைக் காக்கும். இரண்டாவது நம் அன்பைக் காக்கும். கிறிஸ்து இரண்டையும் கேட்கிறார்.

கேள்வி கேட்கிற பிள்ளைக்கு அதன்பின் ஒரு துணையும் வேண்டும். இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரு நண்பர், காலத்தால் மூத்த ஒரு நூல், தன் சபைக்கு வெளியிலும் விசுவாசத்தைக் காணும் மனம் ஆகிய இவை அகுஸ்தீனுக்கும் சோஃபிக்கும் கிடைத்தன. நம் பிள்ளைகளுக்கு அவை கிடைக்கும்படி செய்வது சபையின் கடமை. கீழ்ப்படிகிற பிள்ளைகளை வளர்ப்பதில் நாம் தேர்ந்திருக்கிறோம். யாருக்குக் கீழ்ப்படிகிறோம் என்று ஆராய்ந்து பார்க்கும் பிள்ளைகளை வளர்க்கும் துணிவு இனி நமக்கு வர வேண்டும். அவர்களுடைய முதல் கேள்வி நம்மைப் பார்த்தே வரும். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஆயத்தமாக இருந்தால்தான், தானியேலின் கதையைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டு.